ஊசி ஏறிய இடம்

பூனைக்குத் தடுப்பூசி போட்டால் ஓரிரு நாள் அது சோர்ந்து கிடக்கும். உணவில் நாட்டமின்றி இருக்கும். சிறிது காய்ச்சலும் காணும். ஊசி ஏறிய இடத்தில் சிறு வீக்கம் தோன்றிச் சில வாரங்களிற் கரைவதும் உண்டு. இவற்றையிட்டு எவரும் அஞ்சுவதில்லை. ஆயின், கரையாத வீக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனையே நேயர்களுக்குக் கூற விழைகின்றேன்.

1980ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ரக்கூன் என்னும் காட்டு விலங்குகளிடையே நீர்வெறுப்பு நோய், அதாவது நாம் விசர் என்பது, பரவிற்று. இரவில் வெளியே திரிந்து பகலில் நம் மடியில் உறங்குவது பூனை. ஆகவே 1987இல் பூனைகளுக்கு அந்நோய்த் தடுப்பூசி கட்டாயமாயிற்று. மருந்தும் 1985 அளவில் மாறியிருந்தது. வலுக்குறைத்த உயிர் வைரசுக்குப் பதிலாக இறந்த வைரசு வழக்கிற்கு வந்தது. இறந்தது உடலின் எதிர்ப்பாற்றலைத் தட்டியெழுப்பப் போதாமையால் அலுமினியச் சேர்க்கையொன்றைத் துணையாகக் கலந்தனர். தசைக்குள் ஏற்ற வேண்டியதில்லை. தோலின் கீழ் ஏற்றினாற் போதும். தாய்ப்பூனை குட்டியைக் கௌவுகின்ற பிடரியை அடுத்து, தோள்களின் நடுவே, தோல் தளர்ந்திருக்கிறதல்லவா? வைத்தியர் பலர் அங்கேயே குத்தினர்.

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து மிருக வைத்தியப் பிரிவில், அறுத்தெடுத்த கட்டிகளை ஆராயும் ஹென்ட்ரிக், கோல்ட்ஷ்மிட் என்னும் இருவர் ஒன்றைக் கவனித்தனர். நார் இழையத்தில் எழும் புற்றுக்கட்டி பூனைகளில் மிகுந்து வந்தது. அதுவும் ஊசி போடும் இடங்களிலே. 1991இல் இதனை ஒரு சஞ்சிகைக்குக் கடிதமாக எழுதினர். அக்கடிதமே பேராராய்ச்சிக்கு வித்தாயிற்று. சில கட்டிகளினுள் அலுமினியத் துகள்களும் காணப்பட்டன. 1993இல் கலிபோர்னியாவில் காஸ் என்பாரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, ஒரே இடத்தில் ஊசிகள் கூடக்கூட ஆபத்தும் கூடுமெனக் காட்டிற்று. அலுமினியம் ஒன்றே குற்றவாளி என்று தீர்ப்பளிக்க இயலவில்லை. வேறு மருந்தூசிகளின் பின்னரும் இக்கட்டி அரிதாகத் தோன்றியுள்ளது. நெடுநாள் நீடிக்கும் அழற்சியே சில பூனைகளிற் புற்றாக மாறுகின்றது என்பது அறிஞர் கருத்து.

அப்படியாயின் ஊசியை நிறுத்திவிடுவதா? பல்லாயிரம் பூனைகளுள் ஒன்றிரண்டுக்கே இக்கட்டி வருவது. விசரோ, அறிகுறி தோன்றிய மனிதரை ஏறத்தாழ ஒருவரையும் விட்டுவைப்பதில்லை. 1996இல் அமெரிக்க மிருக வைத்தியர் அமைத்த கூட்டுக்குழுவின் காலத்தில் ஊசி நிற்கவில்லை, இடம் மாறிற்று. விசருக்கு வலப் பின்னங்கால், லுக்கீமியா நோய்க்கு இடப் பின்னங்கால். ஆங்கிலத்தில் நோயின் பெயரும் பக்கத்தின் பெயரும் ஒரே எழுத்திலே தொடங்குவதால் மாணவர்க்கு மனனஞ் செய்வது எளிது! காரணமோ கடுமையானது. தோள்களின் நடுவே எழுந்த கட்டி வேர் பரப்பினால் முழுதும் அறுத்தெடுத்தல் அரிது. காலில் எழுந்தால் காலையே அகற்றலாம். மூன்று காலால் நடக்கப் பூனை பழகிக்கொள்ளும்.

பூனை வளர்க்கும் நேயர்களுக்கு அவ்வறிஞர் வகுத்த கணக்கு இது: ஊசியிட்ட வீக்கம் மூன்று மாதம் கடந்தும் நின்றாலும், இரண்டு சென்ரிமீற்றருக்கு மேற் பருத்தாலும், ஒரு மாதத்தின் பின்னரும் வளர்ந்துகொண்டிருந்தாலும் மிருக வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.