மருந்தும் கேப்பும் மலிவா இருந்த காலம்

போன வாரம் விடியக்காலம் கடலைக் கொல்லைக்குப் போனேன். முளைச்சு நாலு இலை விட்டிருந்த செடியை ஒரு கூட்டம் மயில் கிளறிக்கிட்டு நிக்குது. எண்ணிப் பார்த்தேன், பதினொண்ணு. கையைத் தட்டிக் கத்தினேன். பத்தடி தள்ளிப் போயி அங்க மேய ஆரம்பிச்சிடுச்சு. அன்னைக்குச் சாயங்காலம் அன்னவாசல் டீக்கடையில இதைச் சொன்னதும் பெரியவங்க ரெண்டு பேர் பேச ஆரம்பிச்சாங்க. மயிலைப் பத்தி இல்ல, விலையைப் பத்தி.

"ஒரு ரூபாய்க்கு மருந்து வாங்கினா ஒரு வெள்ளாமைக்குக் காணும்டா. கேப்பு டப்பா எட்டணா."

"எட்டணாவா? பத்தணாண்ணே. எங்க அப்பாகூடப் போயி நான்தான வாங்கினேன்."

அரை மணி நேரம் அந்த ரெண்டணாவுக்குச் சண்டை.

பட்டணத்துல இருக்கறவங்களுக்கு இது புரியாது, அதனால சொல்லிடுறேன். எங்க பக்கம் புஞ்சைக் காவலுக்கு இருந்தது நாட்டுத் துப்பாக்கி. தோட்டா கிடையாது. ஒவ்வொரு வெடிக்கும் குழாய் வாய் வழியா மருந்து, அடைப்புக்குத் தேங்காய் நார், ரவைன்னு போட்டு கெஜக்கோலால இடிச்சு, பின்னால ஒரு சின்னச் செம்புக் கேப்பை மாட்டணும். அமெரிக்காவுல தோட்டாவைத் தானே நிரப்பிக்கிறதை ஒரு பொழுதுபோக்காவே வச்சிருக்காங்க. கொரோனா காலத்துல அங்க கேப்புக்குத் தட்டுப்பாடு வந்து, பழைய விலையை நெனச்சுப் புலம்பினாங்க. எங்க ஊருப் பெரியவங்களும் அதே புலம்பல்தான். என்ன, இவங்களுக்கு அது பொழுதுபோக்கு இல்ல.

அந்தக் காலத்து விலைன்னதும் எனக்கு எங்க சமஸ்தானத்து அம்மன் காசு ஞாபகம் வரும். புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் அடிச்ச சின்னச் செம்புக்காசு. இருபது சேர்ந்தா ஒரு அணா, முந்நூத்தி இருபது சேர்ந்தா ஒரு ரூபா. நவராத்திரிக்கு அரிசியோட சேர்த்து சனங்களுக்குக் குடுப்பாங்க. அவ்வளவு சின்னக் காசு புழங்கின ஊர்ல ஒரு ரூபாங்கிறது சும்மா இல்ல. "அப்ப நாள் கூலி என்னங்கய்யா?"ன்னு பெரியவரைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "கூலி ஏதுடா காசா? நெல்லோ கேவுறோ அளந்து போடுவாக." ஆக, ஒரு ரூபா மருந்துங்கிறது காசையே கண்ணால பார்க்காதவன் குடுத்த ஒரு ரூபா.

இந்த மருந்து, ரவை, கேப்பு மூணுக்கும் மூணு கதை இருக்கு.

மருந்துக்குக் கரியும் கந்தகமும் வெடியுப்பும் வேணும். கரி எங்கயும் கிடைக்கும், கந்தகம் கடைச் சரக்கு. முக்கியமானது வெடியுப்பு. அது உவர்மண்ணுல இருந்து வர்றது. மண்ணை அள்ளித் தண்ணி விட்டு வடிச்சுக் காய்ச்சி எடுக்குறதையே உப்பிலியர் சனம் தொழிலா வச்சிருந்தாங்க. கிழக்கிந்தியக் கம்பெனி பீகாருல இருந்து இதைக் கப்பல் கப்பலாக் கொண்டுபோச்சு, அதை வச்சுத்தான் பிரிட்டன் ஐரோப்பாவுல சண்டை போட்டுச்சு. எங்க சமஸ்தானத்துல 1887-ல ஒரு ஒப்பந்தம். மண்ணுப்பு காய்ச்சுறதை நிறுத்திடணும், அதுக்கு ஈடா பிரிட்டிஷ் சர்க்கார் வருஷம் 38,000 ரூபா தரும். பணம் அரண்மனைக் கஜானாவுக்கு, அடுப்பு அணைஞ்சது குடிசையில. அது சாப்பாட்டு உப்புக்கான ஒப்பந்தம்தான். ஆனா வெடியுப்புக்கும் மண்ணுப்புக்கும் ஒரே மண்ணு, ஒரே சனம். அதனால மருந்துத் தொழிலையும் அது தொடாம விட்டிருக்காதுன்னு நெனைக்கிறேன். ஊரு மண்ணுல கிடைச்சது கடைக்குப் போனப்பதான் அதுக்கு விலைன்னு ஒண்ணு வந்திருக்கும்.

ரவைக்கு ஈயம். அதுக்கு யாரும் பெருசாச் செலவழிக்கல, பழைய ஈயத்தை உருக்கிக்கிட்டாங்க. பின்னால சைக்கிள் பால்ரஸ் வந்துச்சு.

கேப்புதான் கையில செய்ய முடியாத சாமான். அதுக்கு முன்னால திரியும் சக்கிமுக்கிக் கல்லும்தான். ஸ்காட்லாந்துல அலெக்சாண்டர் ஃபோர்சித்னு ஒரு பாதிரியார். வாத்து சுடப் போனா, கல்லுல பறக்குற பொறியைப் பார்த்தே பறவை உஷாராகிடுதுன்னு அலுத்து, தட்டினா வெடிக்கிற மருந்தை வச்சு ஒரு ஏற்பாடு செஞ்சு 1807-ல காப்புரிமை வாங்கினாரு. அதுலருந்து வளர்ந்ததுதான் செம்புக் கேப்பு. இங்க அது சீமைச் சரக்கா வந்து இறங்குச்சு. பெரியவங்க சண்டை போட்டது மருந்து விலைக்கு இல்ல, கேப்பு விலைக்குங்கிறதைக் கவனிச்சீங்களா? மத்ததை எப்படியாவது தேத்திக்கலாம். கேப்புக்கு மட்டும் காசை எண்ணி வைக்கணும்.

எங்க அய்யா, அதாவது அப்பாவோட அப்பா, டப்பாவைத் திறந்து கேப்பை எண்ணித்தான் எடுப்பாராம். பாதி நாள் ரவையே போட மாட்டாரு. வெறும் மருந்தும் நாரும்தான். "சத்தத்துக்குத்தான்டா காசு, சாவுக்கு இல்ல"ம்பாரு. அவரு குறி அவ்வளவு மோசம்னு அப்பத்தா சொல்லும்.

சட்டம் ஒண்ணும் புதுசு இல்ல. பாளையக்காரர் போர் முடிஞ்ச கையோட 1801-லயே கம்பெனி தென்சீமைப் பாளையங்கள்ல ஆயுதத்துக்குத் தடை போட்டுச்சு. 1878-ல ஆயுதச் சட்டம். 1948 மார்ச்சுல சமஸ்தானம் இந்தியாவோட சேர்ந்துச்சு. அப்புறம் வந்த 1959 ஆயுதச் சட்டத்துல, பயிர்க் காவலுக்குன்னு வாய்வழி மருந்து போடுற துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்கலாம்னு பதிமூணாவது பிரிவுல இன்னும் இருக்கு. கேட்டுப் பாருங்க! அய்யா போனப்புறம் அப்பா அதைப் புதுப்பிக்க நாலு நடை நடந்தாரு. தேர்தலுக்குத் தேர்தல் கொண்டுபோயி ஒப்படைச்சு, அப்புறம் திரும்ப வாங்க அலையணும். ஒரு தேர்தலுக்குக் குடுத்தவரு திரும்பக் கேட்கவே இல்ல. பஸ் காசு கேப்பு காசைத் தாண்டிடுச்சுன்னாரு.

டீக்கடையில யாரும் பேசாத ஒரு ஆள் இருக்காரு. கடலை பிடுங்குற சமயம் வருஷா வருஷம் வந்து கம்மாய்க்கரையில கூடாரம் போடுற நரிக்குறவர். அவர்கிட்டயும் அதே துப்பாக்கிதான். நரியும் முயலும் அவருக்கு, காவல் எங்களுக்கு. அய்யாவுக்கு மருந்து செலவு, அவருக்கு அதுதான் முதல். பாசிமணியும் ஊசியும் வித்த காசுல கேப்பு வாங்கி, அதுல அடிச்சதை வித்துச் சாப்பிடணும். ஒரு கேப்பு நமுத்துப் போனா அன்னைக்கு உலை இல்ல. 1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அவரு தொழிலே குற்றமாகிடுச்சு. சட்டம் தப்புன்னு சொல்லல, காட்டுல மிச்சம் இருக்குறதே அதாலதான். ஆனா அவருக்குப் பதில் வேலைன்னு எதுவும் உடனே வரல. பழங்குடிப் பட்டியல்ல அவங்களைச் சேர்க்கிற மசோதா 2022 டிசம்பர்லதான் பார்லிமெண்டுல நிறைவேறுச்சு. இடையில அம்பது வருஷம்.

மயில் 1963-லருந்து தேசியப் பறவை, அதைத் தொட முடியாது, தொடவும் வேண்டாம். காட்டுப்பன்றிக்கு மட்டும், காப்புக்காட்டுல இருந்து மூணு கிலோமீட்டர் தாண்டி வந்தா வனத்துறை ஆட்களே சுடலாம்னு 2025-ல அரசு சொல்லிச்சு. எங்க கொல்லைக்கு வர்றது மயில்தான்.

துப்பாக்கி திரும்ப வரணும்னு எனக்கு ஆசை இல்ல. மருந்து இடிக்கிறப்ப விரல் போனவங்களை நானே பார்த்திருக்கேன். அந்தப் பெரியவரும் விலையைச் சொன்னாரே தவிர, வாங்கித் தாடான்னு சொல்லல. ராத்திரி முழுக்க பரண்ல குந்தி, ஒரு வெடி போட்டா பக்கத்துக் கொல்லைக்காரன் பதில் கொடுப்பானாம். அதைச் சொல்றப்பதான் அவரு குரல் மாறுச்சு. பக்கத்துக் கொல்லை இப்ப பிளாட் போட்டுக் கல்லு நட்டுக் கிடக்கு.

அய்யாவோட கேப்பு டப்பா வீட்டுல இன்னும் இருக்கு. அம்மா அதுல ஊசி நூல் வச்சிருக்கு. நேத்து சந்தையில சிவகாசி வெடி ஒரு கட்டு வாங்கிட்டு வந்தேன். விலையைக் கேட்டு அம்மா, "இதுக்குக் கடலையே வாங்கியிருக்கலாமேடா"ன்னுச்சு. நாளைக்கு விடியக்காலம் முதல் வெடி போட்டுப் பார்க்கணும்.