முற்றுப்பெறாத வீட்டில் ஒரு தையல் இயந்திரம்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. இவ்விரண்டையும் ஒருசேரச் செய்ய நேர்ந்த குடும்பங்கள், தாயகத்தை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் தமிழரிடையே எத்தனையோ உண்டு. சம்பளத்தில் மிஞ்சியதைக் கொண்டு இவ்வாண்டு ஓர் அறைக்குத் தளம் போடுவர். அடுத்த ஆண்டு சமையலறைச் சுவருக்குப் பூச்சு. அதற்கடுத்த ஆண்டு மாடிப்படி. மணல் வந்தால் சிமெண்டு வராது. இரண்டும் வந்தால் கொத்தனார் வரமாட்டார். அத்தகைய வீட்டின் ஒரு மூலையில், தூசு படாமல் பழைய போர்வையால் மூடப்பட்டு, ஒரு தையல் இயந்திரம் நிற்கக் காணலாம். கல்யாணச் சீராகவோ, குடும்பத்துப் பெரியவர் ஒருவரின் அன்பளிப்பாகவோ வந்த பொருள் அது. வைப்பதற்கு இடம் அமையுமுன்பே வந்துவிட்ட அதனைக் கண்டு, "வீடு முடிந்தபின் வாங்கியிருக்கலாமே" என்று சொல்பவரும் உண்டு. நேயர்களே, அது முன்னதாக வந்தது பிழையா? இக்கேள்விக்குச் சரித்திரம் ஒரு விடை தருகின்றது.

தையல் இயந்திரம் பிறந்த காலத்தில் அதனை எவரும் அன்பளிப்பாகக் கருதவில்லை, ஆபத்தாகவே கருதினர். பிரான்சு தேசத்துத் தையற்காரராகிய பார்த்தெலெமி திமோனியே என்பார் 1830ஆம் ஆண்டில் தம் இயந்திரத்துக்கு உரிமைச் சாசனம் பெற்று, பாரிஸ் நகரில் இராணுவ உடைகள் தைக்கும் பட்டறை ஒன்றில் அதனைப் புகுத்தினார். தங்கள் பிழைப்பு பறிபோகும் என அஞ்சிய தையற்காரர்கள் 1831ஆம் ஆண்டில் அப்பட்டறைக்குள் புகுந்து இயந்திரங்களை உடைத்தெறிந்தனர்.

அமெரிக்காவில் எலியாஸ் ஹோவே என்பவர் வேறு வழியில் முயன்றார். கையூசியில் காது பின்புறம் இருக்கும். அவர் அதனைக் கூர்முனையின் அருகே அமைத்தார். மேலிருந்து இறங்கும் நூலும் கீழே ஓடத்தில் வரும் நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் பூட்டுத்தையல் இதனால் கைகூடியது. 1845ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் நடந்த போட்டியில் அவருடைய இயந்திரம் ஐந்து தையற்பெண்களை வென்றது; மறு ஆண்டில் உரிமைச் சாசனமும் கிட்டியது. நோயுற்றுக் கிடந்த நாட்களில், குடும்பத்தைக் காக்கத் தம் மனைவி இரவெல்லாம் ஊசி பிடித்துத் தைப்பதைக் கண்டே ஹோவே இம்முயற்சியில் ஊக்கம் கொண்டார் என்பர். ஆயின் அவ்வம்மையார் அதன் பயனை நுகரவில்லை. கணவருக்குச் செல்வம் வருமுன்பே, வறுமையிலேயே அவர் மறைந்தார்.

இயந்திரத்தைப் பட்டறையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் வணிகர்கள். நாடக நடிகராகவும் தொழில்வினைஞராகவும் ஊரூராய்த் திரிந்த ஐசக் சிங்கர், பழுதுபார்க்க வந்த ஓர் இயந்திரத்தைக் கண்டு அதனினும் மேலான ஒன்றைச் செய்து, 1851ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். நூறு டாலருக்கு மேற்பட்ட விலையை ஒரே முறையில் கொடுக்க எளிய குடும்பத்தால் இயலாது. ஆகவே அவருடைய கூட்டாளியான எட்வர்டு கிளார்க் 1856ஆம் ஆண்டில் தவணை முறையை ஏற்படுத்தினார். சிறு தொகையைக் கட்டிப் பொருளை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்; அப்பொருள் ஈட்டித் தருவதைக் கொண்டே மீதியை அடைக்கலாம். வீடு நிறைவுபெறக் காத்திராமல் இயந்திரம் முன்னதாக வருவதற்கு அன்றே வழி பிறந்துவிட்டது எனலாம்.

இந்தியாவிலும் அவ்வழி விரைவில் திறந்தது. 1870களில் பம்பாயில் நசர்வான்ஜி மெர்வான்ஜி பட்டேல் என்னும் பார்சி வணிகர் சிங்கர் நிறுவனத்தின் முகவராக அமர்ந்து, இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளெங்கும் விற்பனையைப் பெருக்கினார். தைத்த உடையைக் காட்டிலும் புடவையும் வேட்டியும் மிகுதியாக வழங்கிய நாட்டில் இது எளிய காரியமன்று. முதலில் இயந்திரத்தை ஏற்றவர்கள் கடைத்தெருத் தையற்காரர்கள். ரவிக்கையும் பாவாடையும் குழந்தைகளின் சட்டையும் பரவப் பரவ, அது திண்ணையைத் தாண்டி வீட்டினுள்ளும் புகுந்தது. 1930களில் கல்கத்தாவின் ஜே என்ஜினீயரிங் தொழிற்சாலை 'உஷா' என்னும் பெயரில் இயந்திரங்களைச் செய்யத் தொடங்கிய பின், அந்நிய நாட்டுச் சரக்கு சுதேசிப் பொருளாகவும் மாறியது.

இயந்திரங்களைப் பற்றிக் கடுமையாகப் பேசிய காந்தியடிகளும் இவ்வொன்றுக்கு விலக்கு அளித்தார் என்பது பலர் அறிந்த செய்தி. 1924ஆம் ஆண்டில் தில்லியில், இருபத்தொரு நாள் உண்ணாவிரதம் முடிந்து அவர் உடல் தேறிவந்த வேளையில், சாந்திநிகேதனத்து மாணவர் ஒருவர் அவரைக் கண்டு, இயந்திரம் யாவற்றையுமே அவர் எதிர்க்கின்றாரா எனக் கேட்டார். மனைவி படும் சிரமத்தைக் காணப் பொறாமல், அன்பினால் சிங்கர் இதனைச் செய்தார் என்று கூறி, தையல் இயந்திரத்தை அடிகள் போற்றினார். இத்தகைய இயந்திரங்களைச் செய்யும் ஆலைகள் வேண்டுமே என்ற கேள்வி எழுந்தபோது, அவை தேசத்தின் உடைமையாகவோ அரசின் ஆளுகையிலோ இருத்தல் வேண்டும் என்றார். அம்மாணவரே ஜி. ராமச்சந்திரன். பிற்காலத்தில், 1947ஆம் ஆண்டில், தம் மனைவியார் டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் திண்டுக்கல்லை அடுத்த சின்னாளப்பட்டியின் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர் அவரே.

சரித்திரத்தை நோக்கின், சிங்கரை இயக்கியது வணிக ஆதாயமே என்பது புலனாகும். அடிகள் கூறிய கதை ஹோவேயின் வரலாற்றுக்கே ஓரளவு பொருந்தும். எனினும் அடிகள் வைத்த அளவுகோல் பழுதற்றது. ஓர் இயந்திரத்தை யார் கண்டுபிடித்தார் என்பதினும், அது யாருடைய சிரமத்தைக் குறைக்கின்றது, அதன் ஊதியம் யார் கையில் சேர்கின்றது என்பதே அவர் கேட்ட கேள்வி.

அக்கேள்விக்குப் பெரிய சோதனை 1947ஆம் ஆண்டில் வந்தது. பிரிவினையால் வீடிழந்தோரில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் தில்லி மாநகரை வந்தடைந்தனர். கணவரை இழந்த பெண்களும் ஆதரவற்ற பெண்களும் அவர்களுள் பலர். மறுவாழ்வுத் துறையின் பெண்கள் பிரிவை ராமேசுவரி நேரு அம்மையார் ஊதியம் பெறாது நடத்தினார். லஜ்பத் நகரில் கஸ்தூர்பா நிகேதனம் என்னும் இல்லத்தில் பெண்களுக்குத் தங்குமிடமும் தொழிற்பயிற்சியும் கிடைத்தன. தையலும் பூவேலையும் அத்தொழில்களுள் முதன்மையானவை. அகதிகளுக்கென அரசாங்கம் எழுப்பிய வீடுகளோ மிகச் சிறியன. அவற்றை ஓர் அறை, ஒரு தாழ்வாரம், ஒரு மாடி எனப் பல ஆண்டுகள் சேர்த்துச் சேர்த்தே குடும்பங்கள் வீடாக்கிக்கொண்டன. அந்த அரைகுறைச் சுவர்களுக்கிடையே உதவியாகவோ கடனாகவோ வந்த தையல் இயந்திரம் பலருக்கு முதல் ஊதியத்தைத் தந்தது. கரோல்பாக் பகுதியில் அண்டை வீட்டாராக வாழ்ந்த நம் தமிழ்க் குடும்பங்கள் அக்காட்சியை நேரில் கண்டவை. அங்கே வீடு இயந்திரத்துக்கு இடம் தந்தது என்பதைவிட, இயந்திரம் வீட்டுக்குச் செங்கல் தந்தது என்பதே பொருத்தம்.

ஆயின் இயந்திரத்தைக் கொடுத்த மாத்திரத்தில் வாழ்வு மலர்ந்துவிடும் எனக் கருதலாகாது. வெட்டும் கலை தெரியாதவரிடம் அது வெறும் மேசையாகும். துணியும் வேலையும் கொண்டுவரும் தரகர் கூலியின் பெரும்பகுதியைத் தாமே வைத்துக்கொண்டால், வீட்டிலிருந்தே தைக்கும் பெண்ணுக்கு இரவு விழிப்பே மிஞ்சும். ஹோவேயின் மனைவி கையூசியோடு பட்ட பாட்டை அவள் சக்கரத்தோடு படுவாள். வேகம் ஒன்றே வேறுபாடு. ஆகவே கொடைக்குப் பின்னே மூன்று துணைகள் நிற்றல் வேண்டும்: கற்பிக்கும் ஆசான், நியாயமான விலைக்கு வேலை தரும் கூட்டுறவு, ஈட்டிய பணம் அவள் கையிலேயே தங்கும் உரிமை.

பின்வந்த அரசுத் திட்டங்களிலும் இப்படிப்பினையின் சுவடு தெரிகின்றது. தமிழ்நாட்டில் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் உடற்குறை உடையோருக்கும் இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் 1970களின் நடுப்பகுதியில் தொடங்கியது. சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயர் பின்னர் அதற்குச் சூட்டப்பட்டது. 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் மத்திய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டம், தையற்காரர் உள்ளிட்ட 18 தொழிலினருக்குக் கருவி வாங்க 15,000 ரூபாய் வரை அளிப்பதோடு, பயிற்சியையும் கடனுதவியையும் உடன் சேர்த்தது. கருவி தனித்து வரலாகாது என்பதை அரசாங்கங்களும் மெல்ல உணர்ந்தன.

இனி நம் வீட்டு மூலைக்குத் திரும்புவோம். பூச்சு முடியாத சுவரின் அருகே போர்வை போர்த்தி நிற்கும் அவ்வியந்திரம் முன்னதாக வந்தது பிழையன்று. ஜன்னல் திரையும் தலையணை உறையும் அதிலிருந்துதானே பிறக்க வேண்டும்? பக்கத்து வீட்டுக்காரியின் சட்டைக்கு ஓரம் அடித்துக் கொடுத்துப் பெற்ற முதற் கூலி, மொழி தெரியாத ஊரில் முதல் நட்பாகவும் அமையும் அன்றோ? பிழை ஒன்றுண்டு எனின், அது போர்வையை எடுக்காமலே விட்டுவிடுதல்தான். வீடு முடியட்டும், கொத்தனார் போகட்டும் என்று காத்திருக்கும் ஆண்டுகளில் இரும்பு துருப்பிடிக்கும். கற்ற கையும் மறக்கும்.

ஆதலின் நேயர்களே, உங்கள் இல்லத்தில் அத்தகைய இயந்திரம் ஒன்று இருப்பின், அதனை இன்றே வெளிச்சத்துக்கு நகர்த்துங்கள். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, நூல் கோத்து, அதனைப் பெற்றவளிடமே ஒப்படையுங்கள். அதன் ஊதியக் கணக்கையும் அவளே எழுதட்டும். வீடு தன் காலத்தில் முடியும்.