'ஸ்வரே அ': வித்யாசாகரால் மாற்ற இயலாத ஒன்று

1855இல் ஈசுவர சந்திர வித்யாசாகரின் 'வர்ணபரிசய்' முதற்பாகம் வெளிவந்தது. 16 உயிர், 34 மெய் என்றிருந்த வங்க நெடுங்கணக்கை 12 உயிர், 40 மெய் என அவர் திருத்தியமைத்ததையே ஆய்வாளர் பெரிதும் பேசுவர். அதைவிட, ஏறத்தாழ இருபதாண்டுகளுக்குப் பின் 60ஆம் பதிப்புக்கு அவர் எழுதிய முன்குறிப்பே என்னை ஈர்க்கிறது.

பிள்ளைகள் எங்கும் அ, ஆ என்பவற்றை 'உயிரில் வரும் அ', 'உயிரில் வரும் ஆ' என்று ஓதுகின்றனர். வெறும் அ, ஆ என்றே சொல்லப் பழக்கவேண்டும் என்கிறார் அவர். எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு என்னும் தெளிவு அது. இன்னொரு சிக்கலையும் அவர் தொடுகிறார். உயிர்க்குறியின்றி முடியும் வங்கச் சொற்களுள் பெரும்பாலானவை மெய்யொலியிலும் சில அகரத்திலும் முடியும்; எழுத்து அதைக் காட்டாது. நீர் எனப் பொருள்படும் 'ஜொல்', பெரிய எனப் பொருள்படும் 'பொரோ' இரண்டும் குறியற்ற ஈரெழுத்துகளே. எனவே அகர ஈற்றுச் சொற்களின் அருகே உடுக்குறி இட்டார்.

ஆயினும் வங்கக் குழந்தைகள் இன்றும் 'ஸ்வரே அ' என்றே ஓதுகின்றனர். இதை ஆசிரியரின் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. மெய்வரிசையில் 'அந்தஸ்த அ' எனப்படும் எழுத்தொன்று உண்டு. ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கும் மூன்று சகரங்களும் உண்டு. நாம் றன்னகரம், டண்ணகரம் என்பதுபோல, அடைமொழியின்றி அவற்றைச் சொல்லி எழுதவைக்க இயலாது. படிக்கக் கற்பிப்பதற்கு ஒலி போதும். பிழையின்றி எழுதக் கற்பிக்கப் பெயர் வேண்டியிருந்தது. வித்யாசாகர் முன்னதை மட்டுமே கருதினார்.