படகுடலில் நீர் தேங்கல்

படகுடலில் நீர் தேங்கல் என்பது சிறு படகின் மூடிய உடலுக்குள், அதாவது இரட்டைச் சுவர்களின் இடைவெளியிலோ, மிதப்பறைகளிலோ, உள்ளே நிரப்பப்பட்ட நுரைப்பொருளிலோ, நீர் புகுந்து வெளியேற வழியின்றித் தங்கிவிடுவதைக் குறிக்கும். திறந்த வள்ளத்தின் அடியில் சேரும் நீர் கண்ணுக்குத் தெரியும், இறைத்துக் கொட்டிவிடலாம். மூடிய உடலுக்குள் சேரும் நீர் தெரிவதில்லை. படகைக் கவிழாமலும் மூழ்காமலும் காப்பதற்காக அமைக்கப்பட்ட அறையே அதனைக் கவிழ்க்கும் சுமையாக மாறிவிடுவது இச்சிக்கலின் தன்மை ஆகும்.

பலகைப் படகுகளின் காலத்தில் இச்சிக்கல் பெரிதாக இருக்கவில்லை. பலகை இணைப்புகளைக் கலப்பற்று இட்டு அடைத்தனர்; கசிந்த நீர் அடியில் நின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பரவியபோது, அடியுடலையும் மேல்தளத்தையும் தனித்தனி அச்சுகளில் வார்த்து விளிம்பில் ஒட்டும் முறை வந்தது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெற்றிடமே நீர் தேங்கும் முதன்மையான இடம்.

எடுத்துக்காட்டு: லேசர் படகு

புரூஸ் கர்பி வடிவமைத்து 1971இல் விற்பனைக்கு வந்த லேசர் என்னும் ஒற்றையாள் பாய்ப்படகு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1996 முதல் ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்றுவரும் இது, 2019க்குப் பின் ஐ.எல்.சி.ஏ. என்ற பெயரில் வழங்குகிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் (2021இல் நடைபெற்றது) சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் போட்டியிட்டது இப்படகின் சிறிய பாய் கொண்ட வகையிலேயே.

சுமார் 4.2 மீட்டர் நீளமுள்ள இதன் உடல் ஏறத்தாழ 59 கிலோகிராம் எடை கொண்டது. ஐந்து லிட்டர் நீர் உள்ளே தங்கினால் உடல் எடை எட்டு விழுக்காட்டுக்கு மேல் கூடிவிடும். இதில் நீர் புகும் இடங்கள் பெரும்பாலும் நான்கு: பாய்மரத்தின் அடி நிற்கும் குழி, தளமும் அடியுடலும் ஒட்டிய விளிம்பு, நடுப்பலகை இறங்கும் உறையின் இணைப்பு, திருகாணிகள் பதித்த துளைகள். இவற்றுள் பாய்மரக் குழியே கூடுதல் கவனத்திற்குரியது. குழிக்குள் விழும் மணல், பாய்மரம் திரும்பும்போதெல்லாம் அடிப்பகுதியை அரைத்து, நாளடைவில் துளையிட்டுவிடுகிறது. குழியின் இணைப்பு நலிந்தால் நீர் கசிவதோடு நிற்காது. பலத்த காற்றில் பாய்மரம் தளத்தையே பிளந்துகொண்டு சாயக்கூடும்.

நீர் புகும் விதம்

மூடிய அறை தானாகவே நீரை உறிஞ்சும் என்பது பலரும் எதிர்பாராத செய்தி. கரையில் வெயிலில் கிடக்கும் படகின் உட்காற்று 50 பாகை செல்சியசு வரை சூடேறியதாகக் கொள்வோம். 25 பாகை நீரில் இறக்கியதும் அக்காற்று குளிர்கிறது. அறை முழுதும் அடைபட்டிருந்தால் உள்ளழுத்தம் ஏறக்குறைய எட்டு விழுக்காடு குறையும். இது சுமார் 80 சென்டிமீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்திற்கு ஈடானது. சாதாரணமாகக் கசியாத மயிரிழை விரிசலும் இந்த இழுப்பில் நீரை உள்ளே விடும். இதனாலேயே பல படகுகளில், இருக்கைப் பள்ளத்தின் உயரமான பகுதியில் சிறு மூச்சுத்துளை விடப்படுகிறது. கசிவு என்று எண்ணி அதனை அடைத்துவிடுவது கசிவைக் கூட்டவே செய்யும்.

விளைவுகள்

எடை கூடுவதைக் காட்டிலும் நீர் அலைவது தீங்கானது. படகு சாயும்போது உள்நீர் சாய்ந்த பக்கத்திற்கே ஓடி, சாய்வை மேலும் கூட்டுகிறது. இவ்விளைவு, நீர்ப்பரப்பின் அகலத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் வளரும். ஆகவே அகன்ற தட்டையான அடியில் விரல் உயரம் நிற்கும் நீர்கூட ஆபத்தானது. அறையை நெடுக்குவாட்டில் ஒரு தடுப்பால் இரண்டாக்கினால் விளைவு நான்கில் ஒன்றாகக் குறையும். குளிர் நாடுகளில் உள்நீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு விரிந்து, ஒட்டுகளைப் பிரித்துவிடுவதும் உண்டு.

கண்டறிதல்

எளிய வழி எடை பார்த்தல். படகு கட்டியவர் தரும் எடையோடு ஒப்பிட்டால் ஐயம் தெளியும். சிறு படகாயின் முன்னும் பின்னுமாகச் சாய்த்து, உள்ளே நீர் ஓடும் ஒலியைக் கேட்கலாம். ஒலி இல்லை என்பதால் நீர் இல்லை என்று கொள்ளலாகாது. நுரையில் ஊறிய நீர் ஓசை எழுப்பாது. நாணயத்தால் தட்டும்போது நல்ல பகுதி கணீரென்றும், ஊறிய அல்லது பிரிந்த பகுதி மந்தமாகவும் ஒலிக்கும். ஈரமானிகளும் பயன்படுகின்றன, எனினும் புறப்பரப்பின் ஈரம், உப்புப் படிவு, உள்ளிருக்கும் உலோகம் ஆகியவை அவற்றைத் தவறாகக் காட்டச் செய்யும்.

நீர் இருக்கும் இடம் ஒன்று, அது புகுந்த இடம் வேறொன்று என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். புகுந்த வழியைக் காண, முதலில் பாய்மரக் குழியை நீரால் நிரப்பி ஓர் இரவு விட்டுப் பார்ப்பர். மட்டம் இறங்கினால் விடை கிடைத்துவிடும். அடுத்தது சோப்பு நீர்ச் சோதனை. மூச்சுத்துளையை நாடாவால் தற்காலிகமாக மூடி, வடிதுளை வழியே மெல்லக் காற்றூதி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவினால் கசிவிடத்தில் குமிழி எழும். வாயால் குழாய் வழியே ஊதும் காற்றே போதும். உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் நூறில் ஒரு பங்கு கூடினாலே, ஒரு சதுர மீட்டர் தளத்தின் மீது சுமார் 100 கிலோகிராம் எடைக்கு ஈடான விசை விழுகிறது. வண்டிச் சக்கரங்களுக்குக் காற்றடிக்கும் எந்திரத்தை இணைத்தால், சோதனையே படகைப் பிளந்துவிடும்.

வடித்தலும் உலர்த்தலும்

பெரும்பாலான படகுகளில் பின்சுவரின் தாழ்ந்த புள்ளியில் திருகடைப்பான் கொண்ட வடிதுளை இருக்கும். அதைத் திறந்து, முன்பகுதியை உயர்த்தி வைத்தால் நீர் இறங்கும். காற்று உள்ளே செல்ல மேலே ஒரு வழி இல்லையெனில் நீர் விட்டுவிட்டே வடியும். வடிதுளை இல்லாத அறைகளில், தளத்தில் 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள துளை வெட்டி, திருகு மூடி பொருத்துவது வழக்கம். அவ்வழியே கையை விட்டுக் கடற்பஞ்சால் ஒற்றியெடுக்கலாம். பிற்காலத்தில் உட்புறத்தைப் பார்வையிடவும் அது உதவும்.

கடல்நீர் எனில் வடித்த பின் நன்னீரால் அலசுதல் வேண்டும். உள்ளே காய்ந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால், அலசாத அறை எளிதில் உலராது. பிறகு மூடிகளைத் திறந்து வைத்து, சிறு விசிறியால் காற்றைச் சுழலவிடுவர். விரிசல்களைப் பிசினால் அடைப்பது முற்றிலும் உலர்ந்த பின்னரே. ஈரத்தின் மேல் இட்ட பிசின் பற்றாது. பழைய கண்ணாடியிழைப் பரப்பில் பாலியெஸ்டரைவிட எப்பாக்சிப் பிசின் நன்கு ஒட்டும்.

நுரை நிரப்பிய படகுகள்

அமெரிக்காவின் பாஸ்டன் வேலர் நிறுவனம் 1958 முதல், இரு சுவர்களுக்கு இடையில் நுரை நிரப்பிய படகுகளை விற்றது. 1961இல் லைஃப் இதழில் வெளிவந்த படங்களில், நிறுவனர் ரிச்சர்ட் ஃபிஷர் அமர்ந்திருக்கும்போதே அவரது படகு நீரில் இரண்டாக அறுக்கப்பட்டது. பாதிப் படகும் மிதந்தது. மூடிய கண்ணறைகள் கொண்ட பாலியூரித்தேன் நுரை எளிதில் நீரை ஏற்பதில்லை என்பது உண்மையே. ஆயினும் பல்லாண்டுகள் நீரில் தோய்ந்தும், அலை அதிர்வில் நொறுங்கியும் இருந்தால் அதுவும் ஊறும். அந்நீர் துளையிட்டால் வடிவதில்லை. துளையருகே உள்ளது சொட்டி நின்றுவிடும். எஞ்சியதை உலர்த்த மாதங்கள் ஆகலாம். மிகவும் ஊறிய இடத்தில் தளத்தை அறுத்து, நுரையைத் தோண்டியெடுத்துப் புதிதாக நிரப்புவதே பயனுள்ள வழி. தெர்மாகோல் விலை மலிவு என்றாலும் பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும். பாலியெஸ்டர்ப் பிசினில் உள்ள ஸ்டைரீனும் அதைக் கரைக்கும்.

தமிழகக் கரையில்

கட்டுமரத்திற்கு உட்கூடு இல்லை; எனினும் அதன் மரங்கள் நீரை உறிஞ்சும் என்பதால், கரையேறியதும் கட்டவிழ்த்து உலரவிடும் வழக்கம் இருந்தது. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் இக்கரையில் பெருகின. துறைமுகம் இல்லாத ஊர்களில் இவை நாள்தோறும் மணலில் இழுக்கப்படுவதால் அடிமுதுகு தேய்ந்து இழைகள் வெளிப்படுகின்றன. அவ்விழைகள் வழியே நீர் ஊறி, அணியத்திலும் அமரத்திலும் உள்ள மிதப்பறைகளை எட்டக்கூடும். வழக்கமாகப் படகைக் கரையேற்றும் ஆட்களால் அதைத் தள்ள இயலாமற் போவது இங்கு முதல் அறிகுறி. அப்போது பார்க்க வேண்டிய இடம் அடிமுதுகே. தேய்ந்த பகுதியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, உலர்த்தி, புதிய இழைப்பாய் அடுக்குகளை ஒட்டுவர். அதன் மேல் தேய்வதற்கென்றே மரச்சட்டமோ உலோகப் பட்டையோ பொருத்துவதும் உண்டு. அவற்றைப் பிணைக்கும் திருகாணிகள் மிதப்பறைக்குள் ஊடுருவாதவாறு பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.