கால் மைல் ஓட்டமும் லாரி அச்சும்

அமெரிக்க டிராக் ரேஸிங் வரலாற்றை எழுதுகிறவர்களுக்கு என்ஜின் மேல்தான் கண். ஹெமி, நைட்ரோ, சூப்பர்சார்ஜர் என்று பக்கம் பக்கமாகப் போகும். நான் நாமக்கல்லில் அப்பாவின் லாரி ஸ்பிரிங் பட்டறையில் வளர்ந்து, பிறகு மிச்சிகனில் அச்சு வடிவமைக்கும் வேலையில் காலம் தள்ளியவன். அதனாலோ என்னவோ, எனக்கு அந்த வரலாறு பின்பக்கத்திலிருந்துதான் தெரிகிறது. சக்திக்கு அங்கே என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. அதைத் தரையில் இறக்க வேண்டிய பட்டையும் அச்சும்தான் மாற்றி மாற்றி உடைந்துகொண்டிருந்தன.

கலிஃபோர்னியாவின் சான்டா ஆனா விமான நிலையத்தில் 1950-இல் நுழைவுக்கட்டணம் வாங்கிக்கொண்டு டிராக் பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். மறு ஆண்டே வாலி பார்க்ஸ் என்.எச்.ஆர்.ஏ. என்ற தேசியச் சங்கத்தை அமைத்தார். கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர் ஓட்டம். வளைவு கிடையாது, பிரேக் திறமைக்கு வேலை கிடையாது. போர் முடிந்து சும்மா கிடந்த விமான ஓடுதளங்கள் இதற்கு வாகாக அமைந்தன. (நம் சோழவரமும் அப்படி வாய்த்ததுதான்.)

அந்த ஆரம்ப நாட்களில் பின்பக்கத்து உறுப்புகளைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. டயர் அவற்றைக் காப்பாற்றியது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் சாதாரண டயர் வழுக்கிப் புகையும், அச்சுக்கு அடி விழாது. மாசசூசெட்ஸில் மார்வின் ரிஃப்கினும் அவர் தந்தை ஹாரியும் எம் அண்ட் எச் என்ற பெயரில் பந்தயத்துக்கென்றே மிருதுவான ரப்பரில் வழுவழு டயர் செய்து கொடுக்க ஆரம்பித்ததும் நிலைமை மாறியது. டயரின் பிடி அதன் மேலுள்ள பாரத்துக்குச் சமம் என்று கணக்குப் போட்டால், 402 மீட்டரைக் கடக்க 9 விநாடியாவது ஆக வேண்டும். அதற்கு மேல் வேகம் முடியாது என்று வாதாடியவர்களும் உண்டு. 1960-களில் டிராக்ஸ்டர்கள், அதாவது இந்த ஓட்டத்துக்கென்றே கட்டிய வண்டிகள், அந்தக் கணக்கைச் சுக்குநூறாக்கின. டயர் விட்டுக்கொடுக்காதபோது வேறு எதுவோ விட்டுக்கொடுத்தாக வேண்டும் அல்லவா?

எவ்வளவு அடி விழுகிறது என்று பார்ப்போம். என்ஜின் 550 நியூட்டன் மீட்டர் முறுக்கு தருகிறது. முதல் கியரில் இரண்டரை மடங்கு, கிரவுன் பினியனில் நாலு மடங்கு. ஆக அச்சில் 5,500. சக்கரங்களை முன்னால் சுழற்றும் அதே அளவு முறுக்கு, ஹவுசிங்கைப் பின்னால் சுழற்றப் பார்க்கும். பினியன் மூக்கு மேலே எழும்பும். அதைத் தடுக்க லீஃப் ஸ்பிரிங் மட்டுமே இருந்தால், பட்டைகள் பாம்பு போல நெளியும், பிறகு சட்டென்று நிமிரும். டயர் தரையை விட்டுக் குதித்து மறுபடி வந்து அடிக்கும். அந்த அடிதான் அச்சைக் கொல்கிறது. 5,500 என்ற என் கணக்கு நிதானமான கணக்கு. குதித்து விழும் டயருக்கு அது எதுவும் பொருந்தாது. இந்தத் தொழிலில் உடைந்த பாகத்தை மேசையில் வைத்துக்கொண்டு, "இன்னும் தடியாகப் போடுவோம்" என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குதிப்பை நிறுத்தாமல் தடிமனைக் கூட்டினால், அடுத்த பாகம் உடையும்.

இதை முதலில் முறையாக யோசித்தவர்கள் க்ரைஸ்லர் கம்பெனியின் இளம் என்ஜினீயர்கள். ஓய்வு நேரத்தில் கூடி, ராம்சார்ஜர்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பிற்பாடு 426 ஹெமி என்ஜினுக்குத் தந்தை என்று பெயர் வாங்கிய டாம் ஹூவரும் அவர்களில் ஒருவர். 1959-இல் டெட்ராய்ட்டில் நடந்த தேசியப் போட்டிக்கு அவர்கள் கொண்டுவந்தது 1949-ஆம் ஆண்டு பிளிமத் கூபே. பார்க்கச் சிரிப்பு வரும். பந்தயக் கார் என்றால் தாழ்வாக இருக்க வேண்டும் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்க, இவர்கள் உடம்பை உயரத் தூக்கி வைத்திருந்தார்கள். பின்பாரம் ஏற்றிய மாட்டுவண்டியில் நுகத்தடி மேலே எழும்புவது போல, புறப்படும் வேகத்தில் காரின் பாரம் பின்னால் சாய வேண்டும் என்பது கணக்கு. பாரத்தின் மையம் எவ்வளவு உயரமோ, அவ்வளவு எடை பின் டயருக்கு மாறும். மையம் 55 சென்டிமீட்டர் உயரத்திலும் சக்கரங்களின் இடைவெளி 275 சென்டிமீட்டராகவும் இருந்தால், 1,500 கிலோ காரில் புவியீர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில் 300 கிலோ பின்னால் போகும். என்னைக் கேட்டால், ஹெமியை விட இதுதான் அவர்களுடைய பெரிய சாதனை.

அடுத்தது பட்டை. 1957 முதலே க்ரைஸ்லர் கார்களில் பின் அச்சு ஸ்பிரிங்கின் நடுவில் இல்லாமல் முன்தள்ளி இருந்தது. முன்பாதி குட்டை, அதனால் விறைப்பு. பந்தயத்துக்கென்று வந்த சூப்பர் ஸ்டாக் ஸ்பிரிங்குகளில் இந்த முன்பாதியை கிளாம்ப் போட்டு இறுக்கி, பின்பாதியைத் தளர விட்டார்கள். பினியன் மூக்குக்கு மேலே ஒரு ரப்பர் கட்டை. மூக்கு எழும்பினால் அது வண்டியின் தளத்தில் முட்டி நிற்கும், முட்டும் விசை டயரைத் தரையில் அழுத்தும். இன்னொன்றும் செய்தார்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் சுழலும் வாக்கில் அச்சின் வலப்பக்கம் தூக்கும் என்பதால், வலது ஸ்பிரிங்குக்குக் கூடுதல் பட்டையும் கூடுதல் வளைவும் கொடுத்தார்கள். இதை அப்பாவிடம் போனில் சொன்னபோது, "ரெண்டு பக்கமும் வேற வேற பட்டை போட்டா வண்டி சாஞ்சு நிக்குமே கண்ணு" என்றார். நிற்கும்தான். புறப்படும்போது நேராகிவிடும் என்றேன். "அப்ப அது நிக்கறதுக்குச் செஞ்ச வண்டி இல்லீன்னு சொல்லு" என்று வைத்துவிட்டார்.

மற்றவர்கள் இவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. கார் தயாரிப்பாளர் ஷெல்பி 1965-இல் ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. 350-க்கு டிராக்‌ஷன் மாஸ்டர் என்ற கம்பிகளைப் பொருத்தி அச்சு முறுக்குவதைத் தடுத்தார். செவ்ரோலெட் 1967-இல் கமாரோவை ஒற்றைப் பட்டை ஸ்பிரிங்கோடு விற்றது. அது குதித்த குதிப்பில், மறு ஆண்டு ஒரு ஷாக் அப்சார்பரை அச்சுக்கு முன்னும் மற்றதைப் பின்னும் மாற்றி வைக்க வேண்டியதாயிற்று. லாரிக்காரன் எவனும் அந்த ஒற்றைப் பட்டைக்குக் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டான்.

குதிப்பு அடங்கினால் பாரம் முழுவதும் அச்சின் தலையில். இங்கே இரண்டு பெயர்கள் நிலைத்துவிட்டன. ஃபோர்டு 1957-இல் கொண்டுவந்த 9 அங்குல அச்சில், பினியனின் இரு முனையையும் பேரிங் தாங்கும். கிரவுன் பினியனை அப்படியே முன்பக்கமாகக் கழற்றிவிடலாம் என்பதால் பல்விகிதம் மாற்றுவதும் சுலபம். மற்றது டானா 60. அடிப்படையில் சரக்கு வண்டிக்கான அச்சு அது. கிரவுன் வீல் 9¾ அங்குலம். 1966 முதல் க்ரைஸ்லர் அதைத் தன் ஹெமி கார்களில் போட்டபோது கவனித்த விதம் எனக்குப் பிடிக்கும். நாலு கியர் கையால் போடும் வண்டிக்கு டானா. அதே என்ஜின், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் வழக்கமாகச் சிறிய 8¾ அங்குல அச்சே போதும். கிளட்சைச் சட்டென்று விடும் காலின் அடி ஒன்று, எண்ணெய் வழியாக வரும் முறுக்கு வேறு. குதிரைசக்தியை மட்டும் கேட்டு அச்சு விற்கும் கடைக்காரர்கள் இன்றும் இதைக் கேட்பதில்லை. அச்சு ஷாஃப்டிலும் அப்படித்தான். 31 பல் ஷாஃப்டின் விட்டம் ஏறக்குறைய 1.31 அங்குலம், 35 பல்லுக்கு 1.5. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. விட்டத்தின் மும்மடிக்கேற்பப் பலம் ஏறுவதால், தாங்கும் முறுக்கு ஒன்றரை மடங்கு.

1970-இல் ப்ரோ ஸ்டாக் என்ற பிரிவு வந்தது. அதன் முதல் போட்டியை வென்றவர் பென்சில்வேனியாவின் பில் ஜென்கின்ஸ், சிடுமூஞ்சி என்று செல்லப்பெயர். 1974-இல் அவர் கட்டிய செவ்ரோலெட் வேகா காரில் கம்பெனிச் சட்டம் என்று எதுவுமே இல்லை, முழுக்கக் குழாய். அதன்பின் பட்டைகள் மறைந்து லேடர் பார், நாலு கம்பி இணைப்பு என்று போய்விட்டது. அந்தக் கம்பிகளின் கோணத்தைத் துளை மாற்றித் துளை நகர்த்தி, டயரை எவ்வளவு அழுத்தலாம் என்று பார்ப்பார்கள். டிராக்ஸ்டர்களுக்கோ இந்தத் தலைவலியே கிடையாது. அச்சைச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கிவிட்டார்கள், டயரே ஸ்பிரிங்.

எல்லாம் பார்த்துச் செய்தாலும் உடையும் என்பதை என்.எச்.ஆர்.ஏ. விதிப்புத்தகம் ஒப்புக்கொள்கிறது. வழுவழு டயரோடு 13.99 விநாடிக்குள் ஓடும் வண்டியில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைச் சுற்றி முன் ஜாயின்ட்டிலிருந்து 6 அங்குலத்துக்குள் எஃகு வளையம் வேண்டும். முன்முனை அறுந்து தரையில் குத்தினால் வண்டியே எகிறிவிடும். 10.99 என்றால் அச்சு ஷாஃப்ட் வெளியே வராமல் சக்கரத்தருகே பிடிப்பு வேண்டும். செவ்ரோலெட்டின் 12 போல்ட் அச்சில் ஷாஃப்டை உள்ளே ஒரு சிறிய சி வடிவக் கிளிப் மட்டுமே பிடித்திருக்கும், உடைந்தால் சக்கரத்தோடு கழன்று ஓடும். அதனால் செவ்ரோலெட் பக்தர்கள் பலர் ஹவுசிங்கின் இரு முனையையும் அறுத்துவிட்டு ஃபோர்டு 9 அங்குல அச்சின் முனைகளை வெல்டிங் வைத்துக்கொள்கிறார்கள். கேட்டால், அது வெறும் முனைதானே என்பார்கள்.