ராணிப்பேட்டை மூட்டையும் இந்தூர் குப்பையும்

முள்ளிப்பட்டுக்குப் போயிருக்கிறீர்களா? ஆரணியை ஒட்டின ஊர். தெருவுக்குள் நுழைந்தால் தறிச் சத்தம், ஊரைத் தாண்டினால் நெல் வயல். ஆரணிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை இரண்டு. ஒன்று பட்டு, இன்னொன்று அரிசி. பட்டைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. நான் சொல்லப் போவது அரிசிப் பக்கத்துக் கதை. ஆனால், கடைசியில் எப்படியும் தறிக்குத்தான் வந்து நிற்போம், பாருங்கள்.

ஆரணியில் ஆற்காடு பஸ் பிடித்து, பாலாற்றைத் தாண்டினால் ராணிப்பேட்டை. இப்போது அது தனி மாவட்டம். இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் உரத் தொழிற்சாலை 1906-ல் ஆரம்பித்தது அங்கேதான். ஆரம்பித்தது பாரி கம்பெனி. வருடத்துக்கு 6,000 டன். இன்றைய கணக்கில் அதெல்லாம் கொசுறு. ஆனால், உரம் என்றால் தொழுவத்தில் கிடைப்பது என்று இருந்த ஊரில், உரம் என்றால் மூட்டையில் வருவது என்கிற சங்கதி அப்போதுதான் தலைகாட்டியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதற்கு முந்தைய வருடம், 1905-ல், ஆல்பர்ட் ஹோவர்டு என்கிற வெள்ளைக்காரர் பீகாரில் இருந்த பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். நம்மாட்களின் விவசாயத்தை முன்னேற்றுவதற்காக அனுப்பப்பட்ட நிபுணர்! வந்த மனிதர் வயல் வயலாகச் சுற்றினார். கொஞ்ச காலத்தில், விவசாயிகளும் பூச்சிகளும்தான் எனக்கு வாத்தியார்கள் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். 1924-லிருந்து 1931 வரை இந்தூரில் உட்கார்ந்து அவர் செய்த முக்கியமான வேலை, குப்பை மக்க வைப்பது. இலை தழை, சாணம், மாட்டு மூத்திரம் ஊறின மண், சாம்பல்... எதை எதன் மேல் போடுவது, எப்போது கிளறுவது, எவ்வளவு தண்ணீர் தெளிப்பது என்று கணக்காக எழுதி வைத்தார். ‘இந்தூர் முறை’ என்றே அதற்குப் பேர். ஊருக்குத் திரும்பி 1940-ல் புத்தகமும் போட்டார்.

அவர் எழுத்தைப் படித்துக் கிளம்பியவர்கள் 1946-ல் இங்கிலாந்தில் மண் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். இயற்கை விளைபொருள் என்றால் இன்னின்ன மாதிரி இருக்க வேண்டும் என்று 1967-ல் அந்தச் சங்கம் விதிகள் போட்டது. 1991-ல் ஐரோப்பா அதைச் சட்டமாகவே ஆக்கியது. நம்ம ஊர்க் குப்பைமேடு கப்பலேறிப் போய் விதிப்புத்தகமாகத் திரும்பி வந்த கதை இது. இப்போது சான்றிதழுக்குப் பணம் கட்டுவது நாம்!

இடையில் இங்கே என்ன நடந்தது? 1960-களின் உணவுப் பஞ்சம். அமெரிக்கக் கோதுமைக்குக் கப்பல் எப்போது வரும் என்று காத்திருந்த காலம். ஐ.ஆர்.8 நெல் 1966-ல் வெளியானது. அதைப் பயிரிட்டு ஆள் அசந்துபோகிற மாதிரி விளைச்சல் எடுத்த ஒரு விவசாயி, பிறந்த மகனுக்கு ‘ஐ.ஆர்.எட்டு’ என்றே பேர் வைத்தார். எந்த மாவட்டம் என்கிறீர்கள்? ஆரணியும் அடங்கியிருந்த அதே வட ஆற்காடுதான். இன்றைக்கு அதைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். பசித்த வயிற்றுக்கு மூட்டை உரம் தப்பாகத் தெரிந்திருக்காது.

அதே காலத்தில் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்தார், தஞ்சாவூர் இளங்காட்டுக்காரரான நம்மாழ்வார். வானத்தைப் பார்த்து விதைக்கிற மானாவாரிச் சம்சாரி, மருந்துக்கும் உரத்துக்கும் செலவழித்துக் கட்டுப்படியாகுமா என்று கேட்டார். பதில் வரவில்லை, வேலையை விட்டார். 2013 டிசம்பரில் சாகிற வரைக்கும் அவர் ஊர் ஊராகப் போய்ச் சொன்னதன் சாரம், ‘கடையில் வாங்காதே’ என்பதுதான்.

நான் காமர்ஸ் படித்தவன். மண்ணைப் பற்றி எனக்கு யாரும் கற்றுக் கொடுத்ததில்லை. வரவு செலவு கொஞ்சம் தெரியும். அந்தக் கண்ணோடு பார்த்தால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

ஏற்றுமதிக்கான தேசிய இயற்கை விளைபொருள் திட்டத்தை மத்திய அரசு 2000-ல் கொண்டுவந்தது. ரசாயனத்தை நிறுத்திய மறுநாளே ‘இயற்கை’ முத்திரை கிடைத்துவிடாது. நெல் மாதிரிப் பயிருக்கு இரண்டு வருடம், மரப்பயிருக்கு மூன்று வருடம் மாறுதல் காலம். பெரும்பாலும் விளைச்சல் குறைகிற வருடங்களும் அவைதான். விலையோ பழைய விலை! இந்த நஷ்டத்தை யார் தாங்குவது? ஒன்றரை ஏக்கர்க்காரர் தனியாகச் சான்றிதழ் வாங்கவும் முடியாது. அதனால் ஊர் விவசாயிகளைக் குழுவாகச் சேர்த்து ஒரே சான்றிதழ் என்று வைத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால், செலவைக் கொடுத்தது பல இடங்களில் ஏற்றுமதியாளர். ஆகவே சான்றிதழும் அவர் கையில்!

விளைவைப் பாருங்கள். மூன்று வருடம் மூட்டையைத் தொடாமல் பாடுபட்டவர் விவசாயி. அடுத்த வருடம் வேறொரு வியாபாரி நாலு காசு கூடக் கொடுக்க வந்தால், அவர் சரக்கு வெறும் நெல். ‘இயற்கை’ என்று சொல்ல அவரிடம் ஒரு காகிதம் கிடையாது. காகிதம் வைத்திருப்பவருக்கோ சொந்தமாக வயல் கிடையாது.

முள்ளிப்பட்டில் இதைச் சொன்னால் நெசவாளி ஆச்சரியப்பட மாட்டார். பாவும் சரிகையும் கொடுப்பவர் ஒருத்தர், ராப்பகலாக மிதிப்பவர் ஒருத்தர், சேலைப் பெட்டியில் பேர் போடுகிற கடைக்காரர் இன்னொருத்தர். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும், ‘காஞ்சிபுரம்’ என்று சொன்னால்தான் விலை என்கிற கடைகள் இருக்கின்றன. கூட்டுறவு சங்கம் வந்ததே அதற்காகத்தான்.

வெளியில் வேறு கெடுபிடிகள். நம் சான்றிதழை ஏற்றுக்கொண்டிருந்த ஏற்பாட்டை அமெரிக்கா 2021 ஜனவரியில் முறித்துக்கொண்டது. அங்கே விற்க வேண்டுமானால் அவர்கள் விதிப்படி நேரடியாகத் தணிக்கை. 2022-ல் அமலுக்கு வந்த ஐரோப்பாவின் புதுச் சட்டமோ ஒரு நல்ல காரியம் செய்தது. குழு என்றால் அது விவசாயிகளே சேர்ந்த, சட்டப்படி பதிவான அமைப்பாக இருக்க வேண்டும். 2,000 பேருக்கு மேல் கூடாது. 2025 ஜனவரியில் இந்தியாவும் தன் விதியைத் திருத்தி, குழுவுக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தது.

உள்ளூர்ச் சந்தைக்கு இத்தனை பாடு தேவையில்லை. விவசாயிகளே ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உத்தரவாதம் தருகிற பி.ஜி.எஸ். முறை இருக்கிறது. நேரடியாகச் சாப்பிடுபவர் கையிலேயே விற்கிற சிறு விவசாயிக்கு 2017-ன் உணவுப் பாதுகாப்பு விதி விலக்கும் தருகிறது. அரசுச் சான்றிதழ்தான் வேண்டும் என்றால், கோயம்புத்தூரில் தமிழ்நாடு அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறையே 2007-லிருந்து நடக்கிறது. 2023-ல் மாநிலம் அங்கக வேளாண் கொள்கையும் வெளியிட்டது.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு குழு பதிவாகலாம். யாராவது உங்களை அதில் சேரக் கூப்பிட்டால், தலைவர் யார், செயலாளர் யார் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பாங்க் செக்கில் கையெழுத்துப் போடுவது யார் என்றும் கேளுங்கள். சங்கம் விவசாயிகள் பேரில், கையெழுத்து வியாபாரியின் மச்சான் பேரில் என்று இருந்தால், பழைய காகிதத்துக்குப் புது உறை போட்டிருக்கிறார்கள்.