ஒரே ரத்தம், இரண்டு வைரஸ், மூன்று தாமதங்கள்

சில வருடங்களுக்கு முன், நடவுக் கூலியை விட்டுவிட்டு மகனோடு ஏ.ஆர்.டி. மையத்துக்கு வந்திருந்தார் ஓர் அம்மா. 2005இல் பிறந்த பையன். எச்.ஐ.வி.யோடு ஹெபடைடிஸ் பி-யும் இருப்பது அன்றுதான் தெரிந்தது. "மாத்திரைய ஒரு நாள்கூட விடலையே தம்பி, அப்பறம் ஈரல் ஏன் கெட்டுச்சு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கான பதிலில் பாதி மருத்துவம், மீதி வரலாறு.

எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றும் ரத்தம், ஊசி, தாயிடமிருந்து குழந்தை என்று ஒரே வழிகளில் பரவக்கூடியவை. ஆனால் அரசு அந்த வழிகளை ஒன்றாக அடைக்கவில்லை.

முதல் தாமதம், ரத்தம். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். 1989இல் தான ரத்தத்துக்கு எச்.ஐ.வி. சோதனை கட்டாயமானது. ஹெபடைடிஸ் சி வைரஸை உலகம் அடையாளம் கண்டதும் அதே 1989இல்தான். இங்கே அதற்கான ரத்தச் சோதனை கட்டாயமானதோ 2001இல். காசுக்கு ரத்தம் விற்பதே உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, 1998இல்தான் தடையானது. வேலை இல்லாத நாளில் ரத்தம் விற்றவர்கள் யாராக இருந்திருப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, தடுப்பூசி. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 1980களிலேயே வந்துவிட்டது. தமிழ்நாடு முழுவதும் இலவச அட்டவணையில் சேர்ந்தது 2007-08இல். அதுவரை காசு உள்ளவர்கள் தனியாரிடம் போட்டுக்கொண்டார்கள். பிறக்கும்போதே பி தொற்றிய குழந்தைகளில் 100க்கு சுமார் 90 பேருக்கு அது நாள்பட்ட நோயாகிறது. பெரியவர்களில் 5 பேருக்கும் குறைவு. எச்.ஐ.வி.யும் சேர்ந்தால் ஈரல் இன்னும் வேகமாகக் கெடும்.

மூன்றாவது, சிகிச்சை. 2004 ஏப்ரல் 1 முதல் ஏ.ஆர்.டி. இலவசம். தொடக்கத்தில் தஞ்சைக்காரர்கள் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து தாம்பரம் சானடோரியம் போனார்கள். குழந்தைகளுக்கான தேசியத் திட்டம் 2006 இறுதியில் வந்தது. சிகிச்சை இல்லாவிட்டால், பிறப்பிலேயே தொற்றிய குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. அந்த மாத்திரைகள்தான் அவர்களைப் பிழைக்கவைத்தன. ஆனால் அன்றைய கூட்டு மருந்தில் லாமிவுடின் மட்டுமே பி-யையும் தாக்கும். அது தனியாக நின்றால் காலப்போக்கில் வைரஸ் அதை எதிர்க்கப் பழகிவிடும். கூட இருந்த நெவிராபின் சிலருக்கு ஈரலையே பாதிக்கும். ஹெபடைடிஸுக்கு இலவசச் சோதனையும் சிகிச்சையும் தரும் தேசியத் திட்டம் தொடங்கியது 2018 ஜூலை 28இல்.

அந்த அம்மா எந்தத் தவறும் செய்யவில்லை. அவர் மகன் தடுப்பூசிக்கு இரண்டு வருடம் முன்னால் பிறந்துவிட்டான், அவ்வளவுதான்.

களத்தில் இருக்கும் தோழர்கள் மூன்றைக் கேளுங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் பி தடுப்பூசி போட்டார்களா? எச்.ஐ.வி. உள்ள குழந்தைக்கு பி, சி இரண்டுக்கும் சோதனை நடந்ததா? தடுப்பூசி அந்த உடலில் வேலை செய்திருக்கிறதா என்று பார்த்தார்களா? எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளில் பலருக்கு அதை மறுபடி போட வேண்டியிருக்கும். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவும் விடாதீர்கள், அடங்கியிருந்த பி சீறிக் கிளம்பும்.

பள்ளியில் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தால் 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்தை எடுத்துக் காட்டுங்கள். இரட்டைக் குவளையைப் பார்த்த நமக்கு அது என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.